நிற்கத் தெரிந்த சொட்டு

“ஓ-ரிங் செயினுக்கு வெளியிலிருந்து எதற்கு எண்ணெய்? கிரீஸை உள்ளே வைத்து அடைத்துத்தானே கொடுக்கிறார்கள்” என்று, நெடும்பயணங்களில் என்னோடு மோட்டார் சைக்கிள் ஓட்டி வரும் நண்பர் ஒருவர் கேட்டார். அப்போது இரவு ஒன்பது மணி இருக்கும். நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, வண்டியை ஓரடி ஓரடியாகத் தள்ளித் தள்ளி, செயினுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தேன். என் வண்டிக்கு, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. 110 கண்ணிகள் கொண்ட செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் 45 பல் உள்ள பின் பற்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றிவிடும்; தரையில் அளந்தால் ஐந்து மீட்டர். அந்த ஐந்து மீட்டரைக் குனிந்தபடியே கடக்க வேண்டும். நாள் முழுவதும் ஓட்டிய பிறகு, செயின் இன்னும் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விட்டால்தான் அது உள்ளே இறங்கும் என்பதும், யாருக்குமே குனிய மனம் வராத நேரம் அதுதான் என்பதும் நெடுந்தூரம் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்தவை. நண்பர் தூங்கப் போய்விட்டார். நான் முடித்துவிட்டுக் கை கழுவியபோது மணி பத்தரை.

மறுநாள் காலையிலிருந்து மாலை வரை மழை விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அவருடைய செயின் துருவேறிச் செம்மஞ்சளாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஏதாவது சொல்லலாம் என்று என் வண்டியின் பக்கம் திரும்பினேன். என்னுடையதும் அதே நிறத்தில்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சி வெகுநாள் என்னை விடவில்லை. எண்ணெயே தேவையில்லை என்று அவர் சொன்னது சரியென்றால் அவருடைய செயின் துருப்பிடித்திருக்கக் கூடாது. நான் செய்தது சரியென்றால் என்னுடையது துருப்பிடித்திருக்கக் கூடாது. இருவரும் ஒருசேரத் தவறாக இருக்க முடியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தானாக எண்ணெய் விடும் ஆயிலர் ஒன்றை வண்டியில் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் தொடங்கியது. அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அதில் ஒரு முறை தவறாகத் தேர்ந்தெடுத்து, அதற்கான விலையையும் கொடுத்தேன்.

கண்ணிக்குள்ளே இருந்தது

அந்தச் செயினின் ஆயுள் முடிந்து புதியது மாட்டிய நாளில், பழையதை வீசிவிட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் கேட்டு, அதிலிருந்து இரண்டு கண்ணிகளைப் பிரிக்கச் சொன்னேன். அவர் செயின் உடைக்கும் கருவியை வைத்துத் திருகினார். கண்ணிகளை இணைக்கும் சிறு அச்சான ‘பின்’ டப்பென்ற சத்தத்தோடு வெளியே வந்தது. பின்னின் நடுப்பகுதி புத்தம் புதிதாக, கண்ணாடி போல இருந்தது. அதைச் சுற்றி வெளிர் நிறத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது. உட்தகடுக்கும் வெளித்தகடுக்கும் இடையில் உட்கார்ந்திருந்த ஓ-ரிங் என்ற அந்தச் சிறு ரப்பர் வளையம் அத்தனை ஆயிரம் கிலோமீட்டரும் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. நண்பர் சொன்னது பொய்யில்லை என்று நினைத்தேன். அப்போது மெக்கானிக், பின்னைச் சூழ்ந்த சிறு குழாயான புஷ்ஷின் மேல் இருந்த ரோலர் என்ற உருளையை விரல் நகத்தால் சுற்றிக் காட்டினார். அது சுற்ற மறுத்தது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் கொஞ்சம் அசைந்தது. இடுக்கிலிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. “தம்பி, பின்னுக்கு கம்பெனியிலேயே கிரீஸ் வச்சு அடைச்சுட்டான். ரோலருக்கு யார் வச்சது?” என்றார்.

அந்த ஒரு வரியில் இருவருடைய தவறும் எனக்குப் புரிந்துபோயிற்று. ஓ-ரிங், அதன் மாற்று வடிவமான எக்ஸ்-ரிங் எதுவானாலும் அது அடைத்துக் காப்பது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடைப்பட்ட இடத்தை மட்டுமே. செயின் நீள்வது அந்த இடத்துத் தேய்மானத்தால்தான் என்பதால், அந்த அடைப்பு மிகப் பெரிய காரியம். ஆனால் புஷ்ஷின் மேல் சுற்றும் ரோலர், ரோலர் வந்து உட்காரும் ஸ்ப்ராக்கெட் பல், தகடுகளின் வெளிமுகம் ஆகிய மூன்றும் திறந்தவெளியில்தான் கிடக்கின்றன. ஓ-ரிங்கும்கூட இரண்டு தகடுகளுக்கு நடுவே உரசிக்கொண்டே இருக்கும் ரப்பர்தான். அது காய்ந்து வெடித்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே போய்விடும், பிறகு கண்ணி மடங்காமல் இறுகிக்கொள்ளும். ஆகவே எண்ணெய் தேவைதான். நான் தவறியது வேறோர் இடத்தில். என் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது செயின் வினாடிக்கு நான்கு முறைக்கு மேல் முழுச் சுற்று வருகிறது. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஸ்ப்ரே அடிக்கிறேன் என்றால், ஒரு தடவை அடித்த எண்ணெயை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரோலரும் ஒரு லட்சம் முறை சுற்றி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். முதல் சில கிலோமீட்டரிலேயே பாதி தெறித்துவிடும். மிச்சம் ஒட்டிக்கொண்டு புழுதியைச் சேர்த்து அரைக்கும் பசையாக மாறும். மழை வந்தால் அதுவும் கழுவிக்கொண்டு போய்விடும். அன்றிரவு முழங்காலில் நின்று நான் அடித்தது மறுநாள் நண்பகல் வரைகூட இருந்திருக்காது.

கிலோமீட்டருக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் கணக்கே வேறாகிவிடுகிறது. இருநூறு சுற்றுக்கு ஒரு சொட்டு. அதுவும் தெறிக்கும், ஆனால் தெறிக்கும்போது தன்மேல் ஒட்டிய மண்ணையும் எடுத்துக்கொண்டு போகும், அதன் இடத்துக்கு அடுத்த சொட்டு வந்துவிடும். ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் மான்செஸ்டரில் புஷ் ரோலர் செயினை உருவாக்கியது முதல் அதற்கு எண்ணெய் ஓயாமல் தேவைப்பட்டே வந்திருக்கிறது. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-இன் முதல் வடிவத்தில், முன் ஸ்ப்ராக்கெட் மாட்டிய தண்டின் வழியாகவே எஞ்சின் எண்ணெய் கசிந்து செயினுக்குப் போகும்படி செய்திருந்தார்கள். அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் இருந்தது. 1970-களின் கவாசாகி இசட்1-இலும் செயினுக்கென்று தனி எண்ணெய்த் தொட்டி இருந்தது. அடைப்பு வளையம் வைத்த செயின்கள் பரவலான பிறகு தொழிற்சாலைகள் இந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டன; அந்த வேலை வண்டி வைத்திருப்பவனின் முழங்காலுக்கு வந்துவிட்டது. 2020-இல் பி.எம்.டபிள்யூ. வைரத்துக்கு நெருங்கிய கடினமுள்ள கார்பன் பூச்சு கொண்ட செயினைக் கொண்டுவந்து, இதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்றது. அவர்கள் பூசியது ரோலருக்கு என்று படித்தபோது, என் மெக்கானிக்கின் நினைவு வந்தது.

மூன்று வழிகள், ஒரு தவறான தேர்வு

ஆயிலர்கள் பலவாறாக இருந்தாலும் அடிப்படையில் மூன்று குடும்பங்கள்தான். முதலாவது எஞ்சினின் உறிஞ்சலில் இயங்குவது. எஞ்சின் ஓடும்போது, அதற்குள் காற்று போகும் இன்டேக் குழாயில் ஏற்படும் வெற்றழுத்தம் மெல்லிய குழாய் வழியாக வந்து, எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் வால்வைத் தூக்கும். எண்ணெய் தன் எடையில் கீழே இறங்கும். எஞ்சினை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஸ்காட்ஆயிலர் இந்த முறையால்தான் பெயர் பெற்றது. மின்சாரம் வேண்டாம், கையால் ஒன்றும் செய்ய வேண்டாம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் என்னுடையது ஒற்றை சிலிண்டர், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் அதன் த்ராட்டில் பாடியில் உறிஞ்சலை எடுக்க இருக்கும் ஒரே வழி அழுத்தம் அளக்கும் சென்சாருக்குப் போகிறது. அதில் ஒரு டி-இணைப்பைப் போட்டு இதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த சென்சார் சொல்லும் அழுத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று வண்டியின் கணினி முடிவு செய்கிறது. செயினுக்கு எண்ணெய் விடுவதற்காக எஞ்சினின் மூச்சை அளக்கும் கருவியோடு விளையாட எனக்குத் துணிவில்லை. இரண்டு மூன்று சிலிண்டர் உள்ள வண்டிகளில், த்ராட்டில் பாடிகளைச் சமன்படுத்துவதற்கென்று மூடி போட்டு விட்டிருக்கும் வாய்கள் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இரண்டாவது, புவியீர்ப்பை மட்டும் நம்புவது. ஒரு குப்பி, ஒரு குழாய், ஒரு திருகு, அவ்வளவுதான். இதிலேயே ஓட்டத்தின் அதிர்வில் திறந்து வண்டி நின்றதும் மூடிக்கொள்ளும் எடை வால்வு வைத்தவையும் உண்டு. கையால் திறந்து கையால் மூடும் எளியவையும் உண்டு. மூன்றாவது குடும்பம், மின்சாரப் பம்ப் வைத்தது. நான் அந்த எளிய, கைத்திருகு வகையைத்தான் வாங்கினேன். கெட்டுப்போக உறுப்பே இல்லாத ஒன்று கெட்டுப்போகாது என்ற வாதம் எனக்கு அப்போது அசைக்க முடியாததாகத் தெரிந்தது. மின்சாரம் வைத்ததைப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய்க்கு இத்தனை ஆடம்பரமா என்று ஏளனமாக நினைத்ததும் உண்மை.

அதன் முதல் குறையை இரண்டு வாரத்தில் கண்டேன். காலைக் குளிரில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று நிதானமாகத் திருகி வைத்தால், நண்பகல் வெயிலில் எண்ணெய் இளகி இரண்டு சொட்டாகிவிடும். வெயிலில் திருகி வைத்தால் மறுநாள் காலையில் சொட்டே வராது. குழாயின் விட்டம் மாறுவதில்லை, ஆனால் எண்ணெயின் கெட்டித்தன்மை மாறுகிறது என்ற இந்தச் சின்ன விஷயத்தை வாங்கும்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. அது பெரிய தொல்லையும் இல்லை. வழியில் வண்டியை நிறுத்தும்போது ஒரு தடவை பார்த்துத் திருகினால் போதும். செயின் அந்த மாதங்களில் மிக அழகாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தகடுகள் கறுத்து, ஈரமாக, சத்தமே இல்லாமல் ஓடின. நான் நண்பரைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய செயினையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

அந்தக் காலை

பிறகு ஒரு பயணத்தில், இருட்டிய பிறகு விடுதிக்கு வந்து சேர்ந்தோம். மூட்டைகளை இறக்கினோம், படுத்துவிட்டோம். திருகை மூடவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் அது நினைவில் இருந்திருக்க வேண்டும், அன்று அது என் நினைவுக்கே வரவில்லை. காலை ஐந்து மணிக்கு, வெளிச்சம் வருமுன்பே கிளம்பினோம். விடுதி வாசலை விட்டு முதல் இடத்திருப்பத்தில் வண்டியைச் சாய்த்தபோது, பின்சக்கரம் ஒரு சாண் அளவுக்கு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தது. வேகம் இருபதுகூட இருந்திருக்காது. காலை ஊன்றினேன், விழவில்லை. ஆனால் அடிவயிற்றில் அந்த ஒரு நொடி சில்லென்று இறங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

வண்டியை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். டயரின் இடது ஓரம் முழுவதும் பளபளவென்று இருந்தது. ரிம்மில் விசிறி போலத் தெறித்த கோடுகள். ஸ்ப்ராக்கெட்டின் பல்லிடுக்குகளில் எண்ணெய் நிரம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி திரண்டு, நீண்டு, விழுந்தது. அடுத்தது திரண்டது. நாற்பது நொடிக்கு ஒன்று என்று நான் எவ்வளவு கவனமாகத் திருகி வைத்திருந்தேனோ அதே ஒழுங்கில், துளிகூடப் பிசகாமல், அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. எட்டு மணி நேரம், நாற்பது நொடிக்கு ஒன்று, 720 சொட்டு. மில்லிலிட்டருக்கு முப்பது சொட்டு என்று வைத்தால் 24 மில்லி. குப்பியில் குறைந்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாங்கள் நிறுத்தியிருந்த தரை சற்றுச் சரிவானது. ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே விழுந்த எண்ணெய் ஓடிவந்து டயருக்கு அடியில் தேங்கியிருக்கிறது. இரவெல்லாம் டயர் அதில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. நல்லவேளையாகப் பின் பிரேக்கின் டிஸ்க் வலப்பக்கம்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பை வாங்கி வந்து, தேய்த்துக் கழுவி, மீண்டும் தேய்த்துக் கழுவி, வெயில் ஏறும் வரை காத்திருந்தோம். நண்பர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, “நேத்து ராத்திரி நீங்க தூங்கிட்டீங்க, அது தூங்கலை” என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் ஓராண்டாக நான் படித்ததும் ஒப்பிட்டதும் எதிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஒவ்வோர் ஆயிலரும் எவ்வளவு சொட்டுகிறது, எங்கே சொட்டுகிறது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு குப்பி வருகிறது என்றெல்லாம் பார்த்திருந்தேன். அது எதனால் நிற்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உறிஞ்சலில் இயங்குவது எஞ்சினோடு நின்றுவிடும். எடை வால்வு, வண்டி அசையாமல் நின்றதும் நின்றுவிடும். மின்சாரப் பம்ப், சாவியைத் திருப்பியதும் நின்றுவிடும். என்னுடையது என் நினைவோடு நின்றுவிடக்கூடியது. பதினோரு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவனின் நினைவை ஒரு வால்வாகப் பயன்படுத்தியிருந்தேன்.

அதோடு, இன்னொரு கணக்கும் அன்று மனத்தில் தெளிந்தது. எந்த ஆயிலரும் ஒருநாள் தவறும். ஒன்று, எண்ணெய் வராமல் போகும். அல்லது, வரக்கூடாத அளவுக்கு வரும். வராமல் போனால் செயின் காயும். காய்ந்த செயின் முதலில் சத்தம் போடும், பிறகு துருவேறும், பிறகு இறுகும். பல நூறு கிலோமீட்டர் அது நம்மை எச்சரித்துக்கொண்டே வரும். அப்படியும் கவனிக்காதவனுக்குத்தான் அறுந்து எஞ்சினைச் சுற்றிக்கொள்ளும். அளவுக்கு மீறி வந்தாலோ, எச்சரிக்கை என்பது முதல் திருப்பம் மட்டுமே. அதனால், தவறும்போது செயின் காய்வதன் பக்கம் தவறுகிற கருவியே வேண்டும், ஈரத்தின் பக்கம் தவறுகிறது எவ்வளவு எளிமையாக, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இதைப் படித்துவிட்டு, எங்கள் திருகை நாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களில் பலர் என்னைவிட ஒழுங்கானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முனை

கடைசியில் நான் வாங்கியது, முன்பு ஏளனமாக நினைத்த அந்த மின்சாரப் பம்ப்தான். அதன் சிறப்பு மின்சாரத்தில் இல்லை. ஒரு துடிப்புக்கு ஒரே அளவு எண்ணெயைத் தள்ளும் அந்தச் சிறு பம்ப்பில் இருக்கிறது. வெயிலானாலும் குளிரானாலும் தள்ளும் அளவு பெரிதாக மாறுவதில்லை. மின்சாரம் போனால், ஒயர் அறுந்தால், ஃப்யூஸ் எரிந்தால், அது தள்ளாது. சக்கரத்தின் சுற்றை எண்ணி வேலை செய்வது என்பதால், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் சொட்டாது. இந்தக் கடைசிக் குணத்தின் அருமை நெரிசலில் மாட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது. நேரத்தைக் கணக்கிட்டுச் சொட்டுபவை, சிக்னலில் நிற்கும்போதும் அசையாத ஸ்ப்ராக்கெட்டின் ஒரே பல்லில் சொட்டிக்கொண்டிருக்கும். கிளம்பியதும் அவ்வளவும் ரிம்முக்குப் போகும். செயின் தேய்வது தூரத்தால். எண்ணெயும் தூரத்தால் வருவதே முறை. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து, தனி ஃப்யூஸ் வைத்து இணைப்பு எடுத்தோம். மெக்கானிக் இதில் காட்டிய கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. எந்நேரமும் மின்சாரம் உள்ள ஒயரில் இணைத்தால் பழையபடி என் நினைவைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

ஆனால் எந்தக் குடும்பத்து ஆயிலரானாலும் வேலை நடப்பது குழாயின் கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான். எண்ணெயைச் செயினின் மேல் விடக்கூடாது; ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில், பற்களுக்குச் சற்று உள்ளே தள்ளி விட வேண்டும். சுழற்சி அதைத் தானாகவே வெளிப்புறம் தள்ளிப் பல்லுக்கும், பல்லிலிருந்து ரோலருக்கும் கொண்டுபோகும். வண்டியின் இடப்பக்கம் நின்று ஸ்ப்ராக்கெட்டை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், முனை நிற்க வேண்டிய இடம் ஏழு மணி. கீழ்ச் செயின் முன்னிருந்து வந்து ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் இடம் அது. அங்கே விட்ட எண்ணெய்க்குச் செயினோடு சேர்ந்து பாதிச் சுற்று போகும் நேரம் கிடைக்கும். முனையைச் சாய்வாக வெட்டி, ஸ்ப்ராக்கெட்டை மெல்லத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். நான் முதலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன். காற்று அந்தச் சொட்டைத் தூக்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் அடித்துவிட்டது. செயினோ காய்ந்தே கிடந்தது. அடுத்த முயற்சியில் அழுத்தி வைத்தேன். முனை இரண்டே நாளில் தேய்ந்து பாதியானது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. வெளிமுகத்தில் மட்டும் சொட்டுவதால் உட்பக்கத் தகடுகள் சற்று உலர்ந்தே இருக்கின்றன. இருபுறமும் சொட்டும் இரட்டை முனை இதற்குத் தீர்வு. என் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறம் அதற்கு இடமில்லாததால் விட்டுவிட்டேன்.

எந்த எண்ணெய் என்பதில் பலரும் செலவழிக்கும் சூட்டை நான் செலவழிக்கவில்லை. ஆயிலர் செய்பவர்கள் விற்பது நன்றாகவே இருக்கிறது. மரம் அறுக்கும் செயின் ரம்பத்துக்கான எண்ணெயும் ஒட்டும் தன்மை உள்ளதால் பலர் விடுகிறார்கள். அதில் தாவர எண்ணெயால் ஆனவற்றை மட்டும் தவிர்க்க வேண்டும், மெல்லிய குழாய்க்குள் பிசினாக உறைந்துவிடும். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுபவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புத்தூள் கலந்த எண்ணெய் எதைத் தேய்க்கும் என்று அவர்களுக்கே தெரியும். அளவைத்தான் மெல்ல மெல்லக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரிம்மில் புள்ளிகள் விழுந்தால் அதிகம். தகட்டின் மேல் விரலை வைத்து எடுத்தால் கறை படாவிட்டால் குறைவு. விரல்ரேகை மட்டும் தெரியும் அளவுக்குக் கறை படும் நிலைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. மழையில் மட்டும் இரண்டு படி கூட்டி வைக்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினுக்குத் துணியைப் பிடிக்கும் ஒரு பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவே விரல் போனவர்கள் அதே பழக்கத்தில்தான் போனார்கள். ஆயிலர் வந்த பிறகு அந்தச் சபலமே இல்லாமல் போனது எனக்குக் கிடைத்த எதிர்பாராத நன்மை.

செயினின் ஆயுள் பல மடங்கு கூடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: 520 அளவுச் செயினின் இருபது கண்ணிகள் புதிதாக இருக்கும்போது 317.5 மில்லிமீட்டர். அதில் ஒரு விழுக்காடு கூடினாலே, அதாவது 320.7-ஐத் தொட்டாலே, மாற்றுவதைப் பற்றி யோசிப்பது என் வழக்கம். 14,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு இருபது கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தபோது 318.4 இருந்தது. ரோலர்கள் எல்லாம் விரலால் சுற்றினால் சுற்றின. இதில் எவ்வளவு ஆயிலரின் பங்கு, எவ்வளவு என் பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் இடையில் ஒன்று நடந்தது. ஒரு பயணத்தில் சாலையில் எகிறிய கல் ஒன்று முனையை உடைத்துக்கொண்டு போய்விட்டது. பம்ப் ஒன்றும் அறியாமல் டிக் டிக்கென்று வேலை செய்துகொண்டே இருந்தது. அதன் விளக்கும் பச்சையாகவே எரிந்தது. சொட்டுகளோ, ஸ்ப்ராக்கெட்டுக்கு நாலு விரல் முன்னால், நேராகச் சாலையில் விழுந்துகொண்டிருந்தன. மாலையில் நண்பர்தான் பார்த்தார். “உங்க செயின் காஞ்சு கிடக்கு, பாருங்க” என்றார். அவருடைய குரலில் ஒரு நிறைவு இருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. டயர் சுத்தமாக இருந்தது. நான் விரும்பியபடியேதான் அது தவறியிருந்தது.

இப்போது மாற்று முனைகள் இரண்டு சீட்டுக்கடியில் இருக்கின்றன. காலையில் கிளம்புமுன் ஒரு தடவை குனிந்து, முனை ஏழு மணியில் இருக்கிறதா, தகட்டில் விரல்ரேகை படுகிறதா என்று பார்க்கிறேன். இருபது நொடி ஆகும். இருட்டில் கிளம்பினால் டார்ச் இன்னும் தேவைப்படுகிறது. வாயில் கவ்வ வேண்டியதில்லை.